முத்துக் கடலோரத்தில் முறிந்த ஒப்பந்தங்கள்

 

சென்ற ஆண்டு ஷவ்வாலில் மத்ரஸா திறந்தபோது, விடுதி மாணவர்களுக்கு ஓராண்டுக்கான அரிசியைத் தருவதாகச் சாயர்புரத்து வியாபாரி ஒருவர் ஒப்புக்கொண்டார். மாதம் இத்தனை மூட்டை, மூட்டைக்கு இன்ன விலை, மாத முடிவில் பணம் என்று தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டோம். ரபீஉல் அவ்வல் பிறந்த வேளையில் வேறொரு மொத்த வியாபாரி, மூட்டைக்கு நூறு ரூபாய்க்கு மேல் குறைத்துத் தர முன்வந்தார். நிர்வாகக் குழு கூடியது. மத்ரஸாவின் பணம் மக்களின் ஸதகா. அதில் ஒரு ரூபாயை மிச்சப்படுத்துவதும் அமானிதத்தைக் காப்பதுதான் என்று பேசப்பட்டது. பேச்சில் குற்றம் காண முடியவில்லை. "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று தொடங்கும் கடிதத்தை எழுதியவர்கள் நாமே.

மறுநாள் அவர் வந்தார். கோபம் எதுவும் இல்லை. "ஆலிம்சா, அரிசியில ஏதும் கொறை இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மூன்று மாதத்துக்கான நெல்லை நம்மை நம்பி வாங்கி அரவைக்குப் போட்டுவிட்டதாகப் போகிற போக்கில் சொன்னார். குறை இல்லை என்று சொன்னோம். பிறகு ஏன் என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. அன்று பிற்பகல் வகுப்பில் நாம் நடத்த வேண்டிய பாடம் கிதாபுல் புயூஉ, அதாவது வாணிப இயல்.

கொள்முதல் ஒப்பந்தங்களைக் காலம் முடியுமுன் ஏன் முறிக்கிறார்கள்? பெரிய நிறுவனங்கள் முதல் நம்மைப் போன்ற சிறிய மத்ரஸாக்கள் வரை எல்லாரும் செய்வதுதான் இது. இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த முத்துக்குளித்துறைக் கரையின் வரலாற்றிலேயே நிலைத்த ஒப்பந்தமும் உண்டு, முறிந்த ஒப்பந்தங்களும் உண்டு. சாயர்புரமே ஒரு வணிகரின் பெயரைத் தாங்கிய ஊர்தான். போப் ஐயர் கல்விக்கூடம் நடத்திய ஊர் என்றுதான் பலர் அதை அறிவர். சாயர் என்ற வியாபாரியை நினைப்பவர் குறைவு.

அங்கிருந்து கிழக்கே சில கல் தொலைவில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே பழையகாயல் இருக்கிறது. இன்று அமைதியான சிற்றூர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பாண்டிய நாட்டின் தலைவாசல். மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்த காயல் துறைமுகம் அதுவே. சீனத்துக் கப்பல்களும் அரபுக் கப்பல்களும் அங்கே நங்கூரமிட்டன. இறங்கிய சரக்குகளில் முதன்மையானது குதிரை. பாண்டியரின் படைக்குக் குதிரை வேண்டும். இந்த மண்ணின் தட்பவெப்பத்தில் குதிரை தழைப்பதில்லை. ஆகவே ஆண்டுதோறும் கடல் கடந்து வாங்கியே தீர வேண்டிய நிலை.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இந்தக் கொள்முதலின் விவரங்களை எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன். அவர் ஆண்டுக்கு 1400 குதிரைகளைத் தம் சொந்தத் தொழுவத்திலிருந்தே அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பிற துறைமுகங்களிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வரை இக்கரைக்கும் சுற்றுத் துறைகளுக்கும் வந்த காலமும் உண்டு என்கிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்று பழங்காலந்தொட்டே நிலைப்படுத்தப்பட்டிருந்தது. இவை எல்லாவற்றையும்விட நம்மை நிறுத்தி வைப்பது அதிலுள்ள ஒரு நிபந்தனை: கடற்பயணத்தில் குதிரை காயம்பட்டாலோ இறந்துபோனாலோ, அதன் விலையையும் பாண்டியனின் கருவூலமே தர வேண்டும். ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

இவ்விடத்தில் மாணவர்கள் கேட்பார்கள்: ஒப்படைக்கு முன் சரக்கு அழிந்தால் இழப்பு விற்றவரைத்தானே சேரும், ஷாஃபிஈ நூல்கள் அப்படித்தானே சொல்கின்றன என்று. கேள்வி சரியே. கீஷ் துறையில் கப்பலேற்றும்போதே பாண்டியனின் ஆள் குதிரையை ஏற்றுக்கொண்டிருந்தால் உடைமை அங்கேயே மாறிவிட்டது. அதன்பின் கடலின் ஆபத்து வாங்கியவருடையது. அப்படி அல்லாமல் காயல் கரையில்தான் ஒப்படை என்றால், நிபந்தனையில் இடறல் இருக்கிறது. இதை வகுப்பில் விவாதிக்கலாம். வரலாற்றுக்கு வேண்டியது வேறு. எண்ணிக்கை தெரியும், விலை தெரியும், ஆபத்து யாருடையது என்பதும் முன்கூட்டியே தெரியும். பின்னால் சண்டையிட எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. அந்தக் கொள்முதல் பல்லாண்டு நிலைத்தது. 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பும் பாண்டியரின் உட்பகையும் சேர்ந்து அரசையே குலைத்தபோதுதான் வாங்கும் கை தளர்ந்தது.

ஒன்றை மறைக்கவும் கூடாது. இந்நாட்டில் குதிரைகள் ஏராளமாக மடிந்தன என்றும், லாடம் கட்டிப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும், குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும் என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். அவர் மிகைப்படுத்துபவர் என்பது உண்மையே. ஆயினும் அவ்வணிகர்கள் நம் மார்க்கத்தவர். படிக்கும்போது கூச்சம் வரத்தான் செய்கிறது.

இனி முத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, ஒப்பந்தம் என்னும் சொல்லையே சோதிக்கும் தொழில். சுனன் இப்னு மாஜாவில் அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி உள்ளது. கருவிலுள்ள கன்றையும், ஓடிப்போன அடிமையையும், பங்கிடப்படாத போர்ப்பொருளையும் வாங்க வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தவற்றின் வரிசையில், முக்குளிப்பவனின் ஒரு மூழ்கலும் இடம்பெறுகிறது. இந்த முறை நான் மூழ்கிக் கொண்டுவருவது எதுவாயினும் உனக்கு, விலை இவ்வளவு என்று பேசுவது கூடாது என்பது அதன் பொருள். அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியிருக்கிறார்கள். ஆனால் கருத்தை ஃபிக்ஹு அறிஞர்கள் ஏற்று, கரர் எனப்படும் அறியாமை கலந்த வாணிபத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். முக்குளிப்பவரைப் பெயரிட்டுச் சொல்லும் ஒரு சட்டம் மதீனாவிலிருந்து வந்திருக்கிறது என்பதைக் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் உரிய நம் மக்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. இக்கடலில் பரதவரோடு சேர்ந்து மூழ்கியவர்களில் நம்மவரும் பலர்.

பழைய முறையில் ஆபத்து பங்கிடப்பட்டிருந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு, இரு பங்கு அரசுக்கு. அரசு தன் பங்கை ஆயிரக் கணக்கில் ஏலம் விடும். கிடைத்தால் இருவருக்கும், கிடைக்காவிட்டால் இருவருக்கும் இல்லை. குத்தகைக்கு விட்ட காலங்களும் உண்டு. 1804இல் இலங்கைக் கரையில் நடந்த முத்துக்குளிப்பை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் 3 லட்சம் பரங்கிப்பேட்டை வராகனுக்குக் குத்தகை எடுத்தார். அன்றைய மதிப்பில் 1,20,000 பவுன். 150 படகுகள், 30 நாள். ஒரு பகுதிப் படகுகளின் உரிமையை ஒவ்வொன்றும் 2500, 3000 வராகன் என்று பிறருக்கு விற்றுத் தம் ஆபத்தைக் குறைத்துக்கொண்டு, பெரும்பகுதியைத் தாமே வைத்துக்கொண்டார். துணிச்சல்தான். ஆனால் பாரைப் பார்வையிட்ட பிறகு, அந்தப் பருவத்துக்கு மட்டும், 30 நாளுக்கு மட்டும் காட்டிய துணிச்சல்.

1906இல் நடந்தது அப்படிப்பட்டதன்று. அதற்கு முந்தைய 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பு வரலாறு காணாதது. 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. இலங்கை அரசுக்கு 25 லட்ச ரூபாய் அளவில் வருவாய். மரிச்சுக்கட்டியில் மணல்வெளி நகரமாயிற்று. இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்து பார்களை ஆராய்ந்து, இளஞ்சிப்பிகளை இடம் மாற்றி வளர்க்கலாம், அவை பற்றிக்கொள்ளக் கடலடியில் கல் பரப்பலாம் என்றெல்லாம் சொல்லியிருந்தார். அறிவியல் துணை இருக்கிறது, வருவாய் கண்முன் இருக்கிறது. லண்டனில் சிலோன் முத்துக்குளிப்போர் கம்பெனி என்று ஒரு நிறுவனம் உருவாயிற்று. 20 ஆண்டுக்குக் குத்தகை. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். சிப்பி வந்தாலும் வராவிட்டாலும்.

சிப்பி வரவில்லை. 1906இல் நன்றாகக் கிடைத்தது, 1907இல் வெகுவாகக் குறைந்தது. அதன்பின் இலங்கைப் பார்களில் 1925 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 20 ஆண்டுக் குத்தகையில் பாதி கூடக் கழியாத நிலையில் கம்பெனி கலைந்தது, ஒப்பந்தமும் முடிந்தது.

யாரைக் குறை சொல்வது? நீரோட்டம் இளஞ்சிப்பிகளை அடித்துச் செல்லும், மணல் மூடும், திருக்கை மீன்கள் மேய்ந்துவிடும். இவை மனிதரின் குற்றமல்ல. ஆனால் அறியாத செய்தியும் அல்ல. 1838 முதல் 1854 வரை இலங்கைக் கரையில் ஒரு முத்துக்குளிப்பும் இல்லை; 1864 முதல் 1873 வரை இல்லை; 1892 முதல் 1902 வரை இல்லை. இவை அரசின் ஏடுகளிலேயே இருந்த கணக்குகள். கரையிலிருந்த எந்த முதிய குளியாளியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். மூன்று நல்ல பருவங்களைப் பார்த்து 20 ஆண்டுக்கு நிலையான தொகை பேசியவர்கள், முக்குளிப்பவனின் ஒரு மூழ்கலை அல்ல, 20 ஆண்டு மூழ்கல்களை மொத்தமாக விலை பேசினார்கள். அந்த ஒப்பந்தம் இடையில் முறிந்தது என்பதைவிட, எழுதிய நாளிலேயே அதில் விரிசல் இருந்தது என்பதுதான் பொருந்தும்.

பொருளே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதை ஷரீஅத் விரிவாகப் பேசியிருக்கிறது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்த செய்தியில், மரத்திலிருந்த கனியை விற்ற பின் நோய் தாக்கி அழிந்தால் அதன் விலையைச் சகோதரனிடமிருந்து எந்த உரிமையில் எடுப்பாய் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மாலிக்கி, ஹன்பலி அறிஞர்கள் விலையைத் தள்ளிவிடுவது கடமை என்கிறார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபின் பிந்தைய நிலைப்பாட்டில் அது கடமையன்று, விரும்பத்தக்கது. குத்தகையைப் பொறுத்தவரை ஹனஃபி நூல்கள் இன்னும் தாராளமானவை. தகுந்த காரணம் இருந்தால் முறிக்கலாம் என்பதற்கு அவர்கள் தரும் உதாரணம் மாணவர்களைச் சிரிக்க வைக்கும். பல் பிடுங்க ஒருவரைக் கூலிக்குப் பேசினான். அவர் வருமுன் வலி நின்றுவிட்டது. வலியில்லாத பல்லைப் பிடுங்கக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம், ஒப்பந்தம் முறியும். ஷாஃபிஈ அறிஞர்கள் இவ்வளவு தூரம் போகவில்லை. வாடகை வீடு இடிந்தால் மிச்ச நாளுக்கு வாடகை இல்லை; ஆனால் குடியிருப்பவரின் வசதி மாறியது என்பதற்காக வாடகை நிற்காது. நாம் எழுதிய "தவிர்க்க இயலாத காரணங்கள்" எந்த மத்ஹபின் எந்தக் காரணத்தில் அடங்கும் என்று அன்று வகுப்பில் நின்றபடி யோசித்தோம். வீடு இடியவில்லை. பல் வலியும் நிற்கவில்லை. மாணவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே 1906இல், இதே வளைகுடாவின் இந்தப் பக்கத்தில், தூத்துக்குடியில் இன்னோர் ஒப்பந்தம் முறிந்தது. இதன் கதை வேறு.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட். வ.உ.சி. உதவிச் செயலாளர். பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை வாங்கி 2 லட்ச ரூபாய் தந்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கப்பலோட்டிய தமிழரின் புகழைப் பேசும் மேடைகளில் இந்தப் பெயர் ஒலிப்பது அரிது; நம் பிள்ளைகளுக்கும் தெரியாது.

பணம் திரண்டது, சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் ஸ்டீமர்ஸ் நிறுவனத்திடமிருந்து கப்பல்களை வாடகைக்குப் பேசி ஓட்டத் தொடங்கினார்கள். பயணிகளும் வணிகர்களும் சுதேசிக் கப்பலைத் தேடி வந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அது சுதேசிச் சங்கத்தோடு மோதுவதற்கு முன், கப்பல் தந்தவர்களை நெருக்கியது. ஷா லைன் நிறுவனம் வாடகை ஒப்பந்தத்தை முறித்துக் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. துறைமுகத்தில் சரக்கும் பயணிகளும் இருக்கக் கப்பல் மட்டும் இல்லை. வ.உ.சி. இலங்கையிலிருந்து ஒரு பெரிய கப்பலை வாடகைக்குப் பிடித்து நிலைமையைச் சமாளித்தார். பிறர் கப்பலை நம்பித் தொழில் நடத்த முடியாது என்பது விளங்கிவிட்டது. வந்தால் கப்பலோடு வருவேன், இல்லையேல் கடலில் மாய்வேன் என்ற உறுதியோடு பங்கு திரட்டப் புறப்பட்டார். காலியா என்ற கப்பலும், பிரான்சிலிருந்து லாவோ என்ற கப்பலும் வாங்கப்பட்டன.

அதன் பின் நடந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணா என்றது. அவர்கள் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் தந்தார்கள். 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே 40 ஆண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்த 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலை போயிற்று.

நாம் நிற்க விரும்புவது ஷா லைன் முறித்த இடத்தில். அவர்களுடைய கப்பல்கள் மூழ்கவில்லை. வாடகை வராமல் போனதும் காரணமன்று. மூன்றாம் கை ஒன்று உள்ளே நுழைந்தது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் சட்டமே இதைக் குற்றமாகக் கண்டிருந்தது. 1853இல், ஒரு நாடக அரங்கத்தோடு ஒப்பந்தம் செய்திருந்த பாடகியைப் போட்டி அரங்கத்தார் ஆசைகாட்டி இழுத்த வழக்கில், பிறர் ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியவரும் பொறுப்பாளியே என்று லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 73ஆம் பிரிவு, முறித்தவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 56ஆம் பிரிவு, செய்யவே இயலாமல் போனது செல்லாது என்கிறது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு நாள் கழித்து ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். அவரும் வழக்கறிஞரே. சட்டம் ஏட்டில் இருந்தது. ஆனால் ஆட்சியாளரின் தயவில் இயங்கும் துறைமுகத்தில் அதன் எடை வேறு.

நம் நூல்களில் இதற்கு நேரான தடை உண்டு. ஒரு சகோதரனின் விற்பனை மீது மற்றவன் விற்பனை செய்ய வேண்டாம் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதே பொருளை இதைவிடக் குறைவாக நான் தருகிறேன், அவனோடு செய்ததை முறித்துவிடு என்பதுதான் அது. ஷாஃபிஈ நூல்கள் இத்தடையை, முறிக்கும் உரிமை இன்னும் இருக்கும் தேர்வுரிமைக் காலத்தோடு இணைத்துப் பேசுகின்றன. ஏனெனில் அக்காலம் கழிந்துவிட்டால் ஒப்பந்தம் இறுகிவிடுகிறது. ஆசைகாட்டினாலும் முறிக்க வழி இல்லை என்பது அவர்கள் எண்ணம். முறிக்க வழி இல்லாததையும் ஒரு கடிதத்தால் முறித்துவிடும் காலம் ஒன்று வரும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஷா லைன் நிறுவனத்தார், நாங்கள் நிர்ப்பந்திக்கப்பட்டோம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். இக்ராஹ் என்னும் நிர்ப்பந்தம் எப்போது மன்னிப்புக்குரியது என்பதில் அறிஞர்கள் கண்டிப்பானவர்கள். உயிர், உறுப்பு, கடும் அடி, சிறை என்று போகிறது அவர்கள் பட்டியல். வருங்கால லாபம் குறையுமே என்ற அச்சம் அதில் எளிதில் நுழைவதில்லை. பெரிய மீனுக்கு அஞ்சிச் சிறிய மீன் ஒதுங்கியது என்று உலகம் இரங்கலாம். பக்கீர் சேட்டின் 2 லட்சம் யாருடைய இரக்கத்தாலும் திரும்பி வராது.

முறிக்கவே கூடாதா என்றால், அப்படியும் மார்க்கம் சொல்லவில்லை. இரு தரப்பும் மனமொத்து விலகிக்கொள்வதற்கு இகாலா என்று பெயர். வாங்கியதற்கு வருந்தி வருபவரின் பொருளைத் திரும்ப ஏற்றுக்கொள்பவருக்குப் பெரும் நன்மை உண்டென்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. எதிர்த்தரப்பின் மோசடிக்கு அஞ்சும்போது உடன்படிக்கையை வெளிப்படையாக அவர்களிடமே திருப்பி எறிந்துவிட அன்ஃபால் அத்தியாயம் வழிகாட்டுகிறது. இதன் நுணுக்கத்தை ஒரு வரலாற்று நிகழ்ச்சி காட்டும். முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமர்களுக்கும் இடையே காலவரையறை உள்ள உடன்படிக்கை இருந்தது. காலம் முடிந்த கணமே தாக்கலாம் என்று, முடியுமுன்னரே படையை எல்லைக்கு நகர்த்தினார்கள். ஒப்பந்தத்தின் எழுத்தில் பிழை இல்லை. அப்போது ஒருவர் குதிரையில் விரைந்து வந்து, வாக்கைக் காப்பதே வேண்டும், வஞ்சகம் வேண்டாம் என்று கூவினார். பார்த்தால் அம்ரு இப்னு அபஸா (ரலி). காலம் முடியும்வரை, அல்லது வெளிப்படையாகத் திருப்பி அறிவிக்கும்வரை, முடிச்சை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டதாக எடுத்துரைத்தார். ஒரு பேரரசின் தலைவர், படையோடு அப்படியே திரும்பினார். திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி இது. எதிரில் இருந்தவர்கள் எதிரிகள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்றைய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில், தன் வசதிக்காக எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவை வாங்குபவர் முதலிலேயே எழுதிக்கொள்கிறார். முன்னறிவிப்பு இத்தனை நாள் என்றும் இருக்கும். கசப்பானாலும் வெளிப்படை. அதுவும் இல்லாமல் முறிப்பவர்கள் பெரும்பாலும் கடலையும் நோயையும் காரணம் காட்டுகிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது மேலைநாட்டு ஆடை நிறுவனங்கள் வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட கொள்முதல்களை ரத்து செய்தன, அல்லது நிறுத்தி வைத்தன. நோய் உண்மை. கடைகள் மூடியதும் உண்மை. ஆனால் தைத்து முடித்துப் பெட்டியில் அடுக்கிய சட்டைக்கும் பணம் தர மறுத்தபோது, அந்தச் சுமை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத தையற்காரப் பெண்ணின் கூலியில் இறங்கியது. பொருள் அழிந்ததால் முறிவது ஒன்று. குறைந்த விலையோ வலிய கையோ வந்ததால் முறிப்பது இன்னொன்று. இரண்டாவதைச் செய்பவர் முதலாவதன் சொற்களை இரவல் வாங்கிக்கொள்கிறார். நம் கடிதத்தின் முதல் வரியும் அப்படி இரவல் வாங்கியதே.

ரபீஉல் ஆகிரில் நிர்வாகக் குழு மீண்டும் கூடியபோது இவற்றையெல்லாம் சொன்னோம். 1906ஐப் பற்றிப் பேசியதை எல்லாரும் ஆர்வமாகக் கேட்டார்கள். அரிசிக்கு வந்தபோது அமைதி. புதிய வியாபாரியிடம் ஏற்கெனவே ஒரு மாத அரிசி வாங்கியாகிவிட்டது. இப்போது அவரை நிறுத்தினால் அது இன்னொரு முறிவாகாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவரோடு மாதக் கணக்கே தவிர ஆண்டு ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. அடுத்த மாதம் முதல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிவாயிற்று.

பிறகு நாமும் முத்தவல்லியும் சாயர்புரம் போனோம். அஸர் முடிந்த நேரம். வியாபாரி கடையில் இருந்தார். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், இடையில் நின்ற மாதத்தின் மூட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம் என்றோம். நமக்காக அரைத்த அரிசியில் பாதியை விலை குறைத்து வெளியே விற்றுவிட்டதாகச் சொன்னார். அந்த இழப்பு எவ்வளவு என்று முத்தவல்லி கேட்டார். அவர் கணக்குப் புத்தகத்தை எடுக்கவில்லை. இருக்கிற மூட்டைகளை ஏற்றச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டபோதும் சொல்லவில்லை. மூன்றாம் முறை கேட்ட பிறகே ஒரு தாளில் தொகையை எழுதித் தந்தார். நூறு ரூபாய் மிச்சம் பிடித்துச் சேர்த்ததைவிட அது சற்று அதிகம்.